கட்டளைன்னு சொன்னதால அன்பு செத்துடாது: கீர்க்கேகார்ட் பத்தி ஒரு வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல டென்மார்க் தத்துவவாதி சோரன் கீர்க்கேகார்ட் பத்தி முழுப் பக்கம் கட்டுரை போட்டிருந்தீங்க, அதுக்கு முதல்ல பெரிய நன்றி, தமிழ்ல அவரைப் பத்தி எழுதறவங்களே கம்மி, அதுலயும் அவர் அன்பைப் பத்தி என்ன சொன்னாருன்னு எழுதறவங்க ரொம்பக் கம்மி. ஆனா படிச்சு முடிச்சப்போ மனசு ஆறல. முக்கால்வாசிப் பக்கம் அவரோட நின்னுபோன கல்யாணக் கதையே ஓடுது. மிச்சம் இருந்த இடத்துல, அவர் அன்பைக் கடமையாக்கிட்டாரு, கட்டளை போட்டு வர்றது அன்பே இல்ல, காதல்ல தோத்த மனுஷன் எழுதினா அப்படித்தான் வறட்சியா இருக்கும்னு ஒரே போடா போட்டு முடிச்சிட்டாங்க. எழுதினவர் மேல எனக்குக் கோபம் இல்ல, நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா அது அவருக்குச் செய்யற அநியாயம், அதைவிட அந்தப் புத்தகத்தால பிரயோஜனம் அடையக்கூடிய வாசகருக்குச் செய்யற அநியாயம். அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன். இடம் பத்தலன்னா சுருக்கிக்கோங்க, கடமை பத்தி நான் எழுதியிருக்கறதை மட்டும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க.

கல்யாணக் கதையை நான் சீக்கிரமா முடிச்சிக்கறேன். ரெஜினே ஓல்சன்ங்கற பொண்ணோட 1840 செப்டம்பர்ல நிச்சயம் ஆச்சு. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல மோதிரத்தைத் திருப்பி அனுப்பிட்டார், அக்டோபர்ல ஒரேயடியா முறிஞ்சுது, அவர் பெர்லினுக்குக் கிளம்பிப் போயிட்டார். அந்தப் பொண்ணு எவ்வளவோ கெஞ்சினா. அவளே வெறுத்து விலகட்டும்னு கல்நெஞ்சக்காரன் வேஷம் போட்டார்ங்கறது அவரோட நாட்குறிப்புலயே இருக்கு. அதுல அவர் செஞ்சது சரின்னு நான் வாதாட வரல, ஒரு பதினெட்டு பத்தொன்பது வயசுப் பொண்ணை அந்தப் பாடு படுத்தினதுக்கு எந்தத் தத்துவமும் சமாதானம் ஆகாது.

ஆனா நாம பேச வேண்டிய புத்தகம் "அன்பின் செயல்கள்", அது வந்தது 1847 செப்டம்பர்ல. அதாவது அந்த முறிவு நடந்து ஆறு வருஷம் கழிச்சு. அதுக்கு முந்தின வருஷம் அவர் வாழ்க்கையில இன்னொண்ணு நடந்துச்சு, அதைக் கட்டுரையில ஒரு வரிகூடச் சொல்லல. கோபன்ஹேகன்ல "கோர்சேர்"னு ஒரு கிண்டல் பத்திரிகை. 1846 ஆரம்பத்துல இருந்து அது அவரை வாராவாரம் போட்டு வறுத்தெடுத்துச்சு, அவர் கால் ஒல்லியா இருக்கறது, பேன்ட்ல ஒரு கால் நீளமாவும் ஒரு கால் குட்டையாவும் இருக்கறது, கூன் முதுகுன்னு படம் போட்டுக் கேலி பண்ணாங்க. கீர்க்கேகார்ட் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்து எழுதின ஆள் இல்ல. தினமும் தெருவுல நடப்பார், எதிர்ல வர்றவர் பெரிய மனுஷனோ கூலிக்காரனோ நின்னு பேசுவார், தோள்ல கை போட்டுக்கிட்டு கூட நடப்பார், அதுதான் அவருக்கு ஊரோட இருந்த உறவு. அந்தப் பத்திரிகை வந்ததும் அந்தத் தெருவே அவருக்கு எதிரா திரும்பிருச்சு. போற வர்றவங்க நின்னு அவர் காலைப் பாக்கறாங்க, சின்னப் பசங்க பின்னாடியே கத்திக்கிட்டு ஓடி வர்றாங்க. இந்த நேரத்துல உக்காந்து ஒரு மனுஷன் எழுதறார், நீ கதவைச் சாத்திக்கிட்டு கடவுள்கிட்ட பிரார்த்தனை பண்ணிட்டு, கதவைத் திறந்து வெளிய வந்ததும் முதல்ல எதிர்ல வர்ற ஆள் யாரோ அவன்தான் உன் அயலான், அவனைத்தான் நீ நேசிக்கணும்னு. அவர் கதவைத் திறந்தா எதிர்ல வந்திருக்கக்கூடிய ஆள் யாருன்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. காதல் தோல்வியில எழுதினதுன்னு சொல்லிட்டா இது கண்ணுல படாமலே போயிடும்.

இப்ப கடமை விஷயத்துக்கு வரேன். "உன்னைப் போல் பிறனையும் நேசிப்பாயாக"ங்கற பைபிள் வசனத்துல (அந்தப் பிறன்தான் மேல சொன்ன அயலான்) அவர் பிடிச்சுக்கறது அந்தக் கட்டளையைத்தான். அன்பா இருன்னு யாராவது ஆர்டர் போட முடியுமா, வந்தா தானா வரணும், இல்லன்னா இல்லன்னுதானே நாம எல்லாருமே நினைக்கறோம்? அவருக்கும் அது தெரியும், கட்டளை விசித்திரமா இருக்குன்னு அவரே ஒத்துக்கறார். ஆனா அவர் கேக்கற கேள்வி வேற. தானா வந்த அன்பு தானா போகாதுன்னு என்ன உத்தரவாதம்? தானா பொங்கி வர்ற அன்பு எவ்வளவு அழகா இருந்தாலும் அதுக்குள்ள ஒரு பயம் உக்காந்திருக்கு, இது மாறிடுமோன்னு. அதனாலதான் காதலிக்கறவங்க சத்தியம் பண்ணிக்கறாங்க, ஒருத்தரை ஒருத்தர் சோதிச்சுப் பாக்கறாங்க. எதும்மேல சத்தியம் பண்றாங்கன்னு பாத்தா அவங்களோட அன்பு மேலயே. அது ஆடுமோன்னு பயந்துதான் சத்தியமே தேவைப்பட்டுச்சு, ஆடற அதும்மேலயே கை வச்சு சத்தியம் பண்ணா எப்படி நிக்கும்ங்கறார்.

இப்படிப்பட்ட அன்பு மூணு விதமா மாறலாம்னு சொல்றார், வெறுப்பா மாறலாம், பொறாமையா மாறலாம், இல்ல வெறும் பழக்கமா மாறலாம். முதல் ரெண்டும் நம்ம எல்லாருக்கும் தெரியும், பேப்பர் திறந்தா தினமும் அதுதான், நேத்து வரைக்கும் உயிரா இருந்தேன்னு சொன்னவனே இன்னைக்கு கத்தியைத் தூக்கறான், அந்த வெறுப்பு வேற எங்கிருந்தோ வந்தது இல்ல, அதே அன்புதான் தலைகீழா எரியுது. ஆனா அவர் ரொம்பப் பயப்படறது மூணாவதுக்குத்தான். பொறாமை வந்தா சத்தம் கேக்கும், பழக்கம் வந்தா சத்தமே கேக்காது, மெதுவா ரத்தத்தை உறிஞ்சிடும், ஆளுக்கே தெரியாது. இந்த ஆபத்தை ஞாபகப்படுத்த ஒரு நாளைக்கு மூணு வேளை நூறு பீரங்கி வெடிச்சாலும் பத்தாது, ஏன்னா பீரங்கிச் சத்தமே பழகிடும்னு சொல்றார் பாருங்க, அந்தப் பக்கத்தைப் படிச்சப்போ நான் புத்தகத்தை மூடிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

சரி, இதுக்கெல்லாம் கடமை எப்படி மருந்தாகும்? இங்கதான் அவர் சொல்றதை நிதானமா கேக்கணும். ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட "இனிமே என்னால உன்னை நேசிக்க முடியாது"ன்னு சொல்றார்னு வச்சுக்கோங்க. கேட்டவர் நிமிர்ந்து நின்னு "அப்படியா, அப்ப நானும் நிறுத்திக்கறேன்"ங்கறார். பாக்கறவங்க எல்லாம் கை தட்டுவாங்க, ஆஹா என்ன ஒரு சுயமரியாதை, யாரையும் நம்பி இல்லன்னு. கீர்க்கேகார்ட் அது சுயமரியாதையே இல்லங்கறார். உன் அன்பு இருக்கணுமா போகணுமான்னு முடிவு பண்ணது யாரு, எதிராளி. அவன் சுவிட்ச் போட்டா எரியுது, அணைச்சா அணையுது, இதுல உன் சுதந்திரம் எங்க இருக்கு? "நீ நிறுத்தினாலும் நான் உன்னை நேசிச்சுக்கிட்டேதான் இருப்பேன், அது என் கடமை"ன்னு ஒருத்தன் சொன்னா அவன்தான் யாரையும் சாராதவன். அவன் அன்பு எதிராளியோட பதில்ல தொங்கிக்கிட்டு இல்ல. அதனால கடமை அன்புக்குப் போட்ட விலங்கு இல்ல, அன்பை விடுவிக்கிற சாவி. கட்டளை ஆனாத்தான் அன்புக்கு மாறிடுமோங்கற பயம் போகும், எதிராளிக்கு அடிமையா இருக்கற நிலை போகும், கைவிட்டுட்டாங்களேன்னு நொறுங்கிப் போறதும் போகும், இந்த மூணையும் சேத்துத்தான் சொல்றார்.

இதுல ஒண்ணைத் தெளிவா சொல்லிடணும், ஏன்னா இந்தக் காலத்துல தப்பா எடுத்துக்க நிறைய வழி இருக்கு. வேண்டாம்னு சொன்ன பொண்ணு பின்னாடியே போய்த் தொந்தரவு பண்றதுக்கு இது லைசென்ஸ் இல்ல. அது சரியா இதுக்கு நேர் எதிரானது, அங்க பதில் கிடைச்சே ஆகணும்ங்கற வெறிதான் இருக்கு, எதிராளியோட பதிலுக்கு முழுசா அடிமையாயிட்ட நிலை அது. கீர்க்கேகார்ட் சொல்றவன் எதையும் கேக்கமாட்டான், நெருங்கவும் மாட்டான், அவளுக்குக் கெடுதல் நினைக்காம, அவ நல்லா இருக்கணும்னு நினைச்சு விலகி நிப்பான்.

எனக்கு இது புத்தகத்துல படிச்சதைவிட எங்க அத்தை ஒருத்தங்களைப் பாத்துத்தான் நல்லா புரிஞ்சுது. அவங்க கூடப் பொறந்த தங்கச்சி ஏதோ சொத்துத் தகராறுல பேச்சை நிறுத்தி பல வருஷம் ஆச்சு. அத்தை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் போன் பண்ணுவாங்க. அந்தப் பக்கம் ரிங் போகும், கட் ஆகும். அத்தை போனை மேசை மேல வச்சிட்டு விட்ட வேலையைத் தொடருவாங்க, முகத்துல வருத்தமும் இருக்காது வீம்பும் இருக்காது. எதுக்கு அத்தை இப்படி அவமானப்படறீங்கன்னு கேட்டதுக்கு, "எடுக்கறதும் எடுக்காததும் அவ இஷ்டம், பண்றது என் இஷ்டம்டா, அதை அவ எப்படி நிறுத்த முடியும்"னாங்க. அவங்க கீர்க்கேகார்ட் பேரைக்கூடக் கேட்டிருக்க மாட்டாங்க. இன்னைக்கும் போன் பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க.

காதலுக்கும் நட்புக்கும் அவர் எதிரின்னு கட்டுரையில இருக்கறதும் சரியில்ல. பிடிச்சவங்களைத் தேர்ந்தெடுத்து நேசிக்கறதுல ஒரு சிக்கல் இருக்குன்னு சொல்றார், அது உண்மை. நமக்குப் பிடிச்சவங்க பல நேரம் நம்மளோட இன்னொரு பதிப்பு மாதிரிதான் இருப்பாங்க, அவங்களை நேசிக்கறதுல நம்மளையே நேசிக்கறது கலந்திருக்கும், அதைத் தோண்டி எடுத்துக் காட்டறார். ஆனா விட்டுடுன்னு சொல்லல. உன் மனைவி முதல்ல உனக்கு அயலாள், அதுக்கு மேலதான் மனைவிங்கறது சேருதுன்னு சொல்றார். யோசிச்சுப் பாத்தா எவ்வளவு பெரிய விஷயம் இது. ரோட்ல போற முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்ட காட்டற குறைஞ்சபட்ச மரியாதையைக்கூட வீட்ல இருக்கறவங்ககிட்ட காட்டாத ஆளுங்க எத்தனை பேர், என் பொண்டாட்டிதானே, என் புள்ளைதானேன்னு. முதல்ல அவ ஒரு மனுஷி, உனக்குச் சமமானவ, கடவுள் முன்னாடி உன் சொத்து இல்ல. அதுக்கப்புறம் காதலி, மனைவி எல்லாம். இப்படி அடுக்கினா காதல் ஜில்லுனு ஆயிடுமா, இல்ல பத்திரமா இருக்குமா, நீங்களே சொல்லுங்க.

இன்னொரு பகுதி, கண்ணுக்கு முன்னாடி இருக்கற மனுஷங்களை நேசிக்கறது பத்தி. அதுல ரெண்டு ஓவியர்கள் கதை வருது. ஒருத்தர் உலகம் பூரா சுத்திட்டு வந்து சொல்றார், வரையறதுக்குத் தகுதியான ஒரு முகத்தையும் நான் பாக்கல, எல்லா முகத்துலயும் ஏதோ ஒரு குறை இருக்குன்னு. இன்னொருத்தர், நான் பெரிய ஓவியன்னு சொல்லிக்க மாட்டேன், வெளிநாடும் போகல, ஆனா என்னைச் சுத்தி இருக்கற சின்ன வட்டத்துலயே, எவ்வளவு சாதாரணமா எவ்வளவு குறையோட இருந்தாலும், ஒரு நல்ல பக்கம் கண்ணுல படாத முகமே எனக்குக் கிடைக்கலங்கறார். இதுல யாரு ஓவியர்னு கேக்கறார் கீர்க்கேகார்ட். அன்புக்குத் தகுதியான ஆளைத் தேடி அலையறது அன்பு இல்ல, கிடைச்ச ஆளை, அவங்க இருக்கற மாதிரியே நேசிக்கறதுதான் வேலை. அதுக்கு இயேசுவோட சீடர் பேதுருவைச் சொல்றார். கஷ்டமான ராத்திரியில இந்த மனுஷனை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு மறுதலிச்ச பேதுரு. இயேசு, பேதுரு திருந்தட்டும், வேற ஆளா மாறட்டும், அப்புறம் நேசிக்கறேன்னு சொல்லல, பேதுரு பேதுருதான், நான் அவனை நேசிக்கறேன், அவன் மாறணும்னா என் அன்புதான் அவனுக்கு உதவி பண்ணும்னு நட்பை முறிக்காமலே இருந்தார்னு விளக்கறார். நாம பண்றது உல்டா, நீ மாறினா நான் பழையபடி இருப்பேன்னு கண்டிஷன் போடுவோம்.

அன்பு எல்லாத்தையும் நம்பும், ஆனா ஏமாறவே ஏமாறாதுன்னும் ஒரு அத்தியாயம் இருக்கு. கேட்டா பைத்தியக்காரத்தனமா தோணும். ஆனா அவர் நம்பறவன் விவரம் கெட்டவன்னு சொல்லல. சந்தேகப்படறவனுக்குத் தெரிஞ்ச எல்லா விஷயமும் நேசிக்கறவனுக்கும் தெரியும்ங்கறார். ஒரே செய்தி, ஒரே ஆதாரம், இப்படியும் இருக்கலாம் அப்படியும் இருக்கலாம். அறிவு அந்த இடம் வரைக்கும்தான் கூட்டிட்டுப் போகும், அதுக்கு மேல ஒரு பக்கம் சாயறது நீ. அதனால அடுத்தவனைப் பத்தி நீ எடுக்கற முடிவுல அவன் எப்படிப்பட்டவன்னு தெரியறதைவிட நீ எப்படிப்பட்டவன்னுதான் தெரியுது. வாட்ஸ்அப்ல யாரோ ஒருத்தரோட ஸ்க்ரீன்ஷாட் வந்ததும் நாம எந்தப் பக்கம் சாயறோம்னு பாத்தாலே போதும். இதோட சேத்து, அன்பு திரளான பாவங்களை மூடும்ங்கற அத்தியாயத்தையும் படிக்கணும், ஒரு குழந்தையைத் திருடங்க கும்பல்ல கொஞ்ச நேரம் விட்டுட்டு (குழந்தைக்கு ஒரு கெடுதலும் வராத அளவுக்கு) வீட்டுக்கு வந்ததும் என்ன பாத்தேன்னு கேளுங்க, பாத்தது கேட்டது எல்லாம் சொல்லும், முக்கியமான ஒண்ணைத் தவிர, அங்க இருந்த தீமை அதோட கண்ணுல படவே இல்லங்கறார். அதே நேரத்துல பக்கத்து வீட்டுக்காரன் தப்பைக் கண்டுபிடிச்சு ஊருக்குச் சொல்றதுல இருக்கற சந்தோஷத்தைப் பத்தி அவர் எழுதறது ரொம்பக் கடுமையா இருக்கும், பத்திரிகைக் கேலியில அடிபட்ட மனுஷனோட கை அதுல நல்லாவே தெரியும். ஆனா பாருங்க, இந்தப் புத்தகத்துல பதிலுக்கு அவர் யாரையும் பேர் சொல்லித் திட்டல.

எல்லாமே எனக்கு உடன்பாடுன்னு நினைச்சுடாதீங்க. இரக்கத்தைப் பத்தின அத்தியாயத்துல எனக்கு இன்னும் தீராத சண்டை இருக்கு. பைபிள்ல காணிக்கைப் பெட்டியில ரெண்டு காசு போட்ட ஏழை விதவை கதை தெரியும்ல, அதை எடுத்துக்கிட்டு அவர் ஒரு திருப்பம் வைக்கறார். அந்த ரெண்டு காசையும் துணியில முடிஞ்சு வச்சிருந்தா, கோயிலுக்குப் போற வழியில ஒரு திருடன் அதை எடுத்துட்டு அதே மாதிரி வெறும் துணியை வச்சிட்டான், அவளுக்குத் தெரியாது, அவ போய் வெறும் துணியைத்தான் போட்டா, அப்பவும் மத்த எல்லாரையும்விட இவதான் அதிகம் போட்டாள்னு இயேசு சொல்லியிருக்க மாட்டாரா? படிக்கும்போது நெஞ்சு அடைக்கும். கொடுக்க ஒண்ணும் இல்லாதவனும் இரக்கம் காட்டலாம், பணம் இல்லாததால ஒருத்தன் அன்புல ஏழை ஆகிடமாட்டான், அன்புப் பேச்சையெல்லாம் தர்மப் பேச்சா மாத்தி ஏழையை வாங்கற ஆளா மட்டுமே உக்கார வைக்காதீங்கன்னு சொல்றது ரொம்ப உசந்த விஷயம். ஆனா அதோட நிக்காம, பணத்தைப் பத்தின பேச்சே இரண்டாம்பட்சம்ங்கற மாதிரி போறார் பாருங்க, அங்க எனக்கு உறுத்துது. பசியோட இருக்கறவன்கிட்ட நீயும் பணக்காரன் மேல இரக்கம் காட்டலாம்னு சொல்றது சொல்றவன் யாருங்கறதைப் பொறுத்து ரொம்ப அசிங்கமாவும் போயிடலாம், அப்பா விட்டுட்டுப் போன சொத்துல வாழ்ந்தவர்தான் கீர்க்கேகார்ட். ஜெர்மன் தத்துவவாதி அடோர்னோ 1939ல இந்தப் புத்தகத்தைப் பத்தி எழுதின கட்டுரையில இதைத்தான் பிடிச்சார், எல்லாமே மனசுக்குள்ளயே நடக்குது, வெளிய உலகம் இருக்கற மாதிரியே கிடக்குதுன்னு. கீர்க்கேகார்ட் நாட்டுக்காரரே ஆன இறையியலாளர் லோக்ஸ்ட்ரூப்பும் 1956ல வந்த தன்னோட புத்தகத்துல கீர்க்கேகார்டோட கடுமையா மோதியிருக்கார். இப்படி அடிக்க வேண்டிய இடம் இருக்கும்போது உங்க கட்டுரையாளர் அதை விட்டுட்டு, காதல் தோல்வின்னு சுலபமா கடந்து போயிட்டாரேங்கறதுதான் எனக்கு ஆதங்கம்.

கடைசிக்கு முந்தின அத்தியாயம் இறந்தவங்களை நினைக்கறது பத்தி. நம்ம அன்பு எப்படிப்பட்டதுன்னு சோதிச்சுப் பாக்கணும்னா செத்துப்போன ஒருத்தரை நாம எப்படி நேசிக்கறோம்னு பாருங்கறார். ஏன்னா உயிரோட இருக்கறவங்க விஷயத்துல எது நம்ம அன்பு, எது அவங்க நமக்குக் கொடுத்ததுக்குப் பதில்னு பிரிக்க முடியாது, ரெண்டும் பின்னிக்கிட்டு இருக்கும். இறந்தவங்க எதையும் திருப்பித் தரமாட்டாங்க, அதனால அந்த அன்புல சுயநலம் இல்ல. குழந்தை அழுதா ஓடணும், பெத்தவங்க கூப்பிட்டா போகணும், இறந்தவங்க அழறதும் இல்ல கூப்பிடறதும் இல்ல, அதனால அதைவிட சுதந்திரமான அன்பு கிடையாது. மூணாவதா, உயிரோட இருக்கற ரெண்டு பேர் விலகிட்டா நீதான் மாறிட்டேன்னு மாத்தி மாத்திச் சொல்லிக்கலாம், இறந்தவர் மாறவே முடியாது, அதனால ஏதாவது மாறியிருந்தா மாறினது நாமதான். இதுல தப்பிக்கவே வழி இல்ல.

எங்க அப்பா போனப்போ முதல் கொஞ்ச நாள் நான் அவரை நினைக்காத நேரமே இல்ல. அப்புறம் வேலை, பசங்க படிப்பு, ஓட்டம். அவரோட சட்டைப் பையில இருந்த பேனா என் மேசையில இருக்கும், தினமும் அதுலதான் எழுதறேன், ஆனா அது அவர் பேனாங்கற நினைப்பே வராம எழுதறேன். யாரும் என்னைக் கேக்கப் போறதில்ல. அவர் கோவிச்சுக்கப் போறதும் இல்ல. அந்த அத்தியாயம்தான் என்னைக் கேட்டுச்சு.

ஆனா இதைப் படிச்சிட்டு, பாத்தியா உயிரில்லாதவங்களை நேசிக்கறதுதான் உசத்தின்னு சொல்றார்னு கட்டுரையில எழுதினது மாதிரி முடிக்கக் கூடாது. அவர் அந்த அத்தியாயத்துலயே சொல்லிடறார், உயிரோட இருக்கறவங்களுக்குச் செய்ய வேண்டிய கடமைக்கு இது சாக்கு இல்ல, இங்க கத்துக்கிட்டு அங்க போய்ச் செய்யுன்னு.

ரெஜினே பத்தி ஒரு விஷயம் சேத்துட்டு முடிக்கறேன், ஏன்னா கட்டுரையில அந்தக் கதை 1841லயே நின்னுடுச்சு. அன்பு நிலைச்சிருக்கும்ங்கற அத்தியாயத்துல அவர் உறவு முறியறதைப் பத்திப் பேசறார். ரெண்டு பேர் ஆடற நடனத்துல ஒருத்தர் போயிட்டா நடனம் முடிஞ்சதுன்னு சொல்லுவோம். ஆனா மிச்சம் இருக்கறவர் ஆட்டத்துக்கு நிக்கற மாதிரியே, இல்லாத அந்த ஆள் பக்கமே திரும்பி நின்னுக்கிட்டு இருந்தா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க, இன்னொருத்தர் வந்ததும் ஆட்டம் ஆரம்பிச்சிடும்னுதானே சொல்லுவாங்க. ஒருத்தர் நிலைச்சு நின்னா முறிவுங்கறது முழுசா முறிவு ஆகாதுங்கறார். அந்தப் புத்தகம் வந்த அடுத்த மாசத்துக்கு அடுத்த மாசம், 1847 நவம்பர்ல, ரெஜினே ஷ்லேகல்ங்கறவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. ரெண்டு வருஷம் கழிச்சு கீர்க்கேகார்ட் அவ புருஷனுக்கு ஒரு கடிதமும், உள்ள அவளுக்கு மூடி ஒட்டின ஒரு கடிதமும் அனுப்பினார், கொடுக்கறதும் கொடுக்காததும் உங்க விருப்பம்னு. அது பிரிக்காமலே திரும்பி வந்துச்சு, அவர் அதோட விட்டுட்டார். 1855 மார்ச்ல ஷ்லேகலுக்கு டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகள்ல கவர்னர் வேலை, ஊரை விட்டுக் கிளம்பற அன்னைக்கு அவ தெருவுல அவரைத் தேடிப் போய்ப் பாத்து, கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும், நல்லா இருங்கன்னு மெதுவா சொல்லிட்டுப் போனா. அதே வருஷம் நவம்பர்ல அவர் 42 வயசுல இறந்துட்டார். நிச்சயம்ங்கறது எனக்குக் கல்யாணம் மாதிரியே கட்டுப்படுத்தறது, அதனால மிச்சம் இருக்கற என் பொருளெல்லாம் அவளுக்கேன்னு எழுதி வச்சிருந்தார். ரெஜினேவும் அவ புருஷனும் கடிதங்களையும் ஒண்ணு ரெண்டு பொருளையும் தவிர எதையும் எடுத்துக்கல. இதை எப்படி எடுத்துக்கணும்னு எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு, அவர் அவளுக்குச் செஞ்ச கெடுதல் இதனால இல்லாம போயிடாது, ஆனா தான் எழுதின அந்த அத்தியாயத்துக்கு அவர் கடைசி வரைக்கும் பொய்யா நடந்துக்கலங்கறதுதான் அது.

முதல் தடவையா இந்தப் புத்தகத்தைக் கையில எடுக்கறவங்களுக்கு ஒரு யோசனை. அது ரெண்டு பகுதி, முதல் பகுதி கட்டளையை அணு அணுவா பிரிக்கும், நடுவுல மூச்சு முட்டும், நிறைய பேர் அங்கயே மூடி வச்சிடறாங்க. ரெண்டாம் பகுதியில பாவங்களை மூடற அத்தியாயத்துல இருந்து ஆரம்பிச்சு, இறந்தவங்களை நினைக்கறது வரைக்கும் படிச்சிட்டு, அப்புறம் முதல் பகுதிக்குத் திரும்பி வாங்க. வேகமா படிக்க வேண்டாம், வாய்விட்டுப் படிச்சா இன்னும் நல்லது, அவரே தன் வாசகர்கிட்ட அப்படிப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கார். ஏற்கனவே படிச்சவங்க யாராவது இரக்கம் பத்தின அந்த அத்தியாயத்துல என் சண்டைக்குப் பதில் வச்சிருந்தா இதே பக்கத்துக்கு எழுதுங்க, காத்துக்கிட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்